பெயர் வளையம்

மில்வாக்கியில், ரயில் சரக்குக் கொட்டிலுக்கு எதிரே
மூன்று மாடிச் செங்கல் கட்டடம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது.
மான்டெல் போட்டோ சப்ளை. மொத்த வியாபாரம் மட்டும்.
ஐம்பத்தாறில் கணக்கெழுதச் சேர்ந்தேன்.
ஒற்றை ஃபிலிம் ரோல் கேட்டு வருகிறவர்களைத்
திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்,
சம்பளத்தில் சேராதது.

பிளாஷ் பல்பு குரோசுக் கணக்கில்,
ஹைப்போ பீப்பாய்க் கணக்கில்,
தாள், தட்டு, முக்காலி, சிவப்பு விளக்கு.
இதெல்லாம் வாடகைக்கும் கூலிக்கும் போயிற்று.
லாபம் லென்ஸில் இருந்தது.

ஜப்பானில் ஒகாயா, ஒரு ஏரிக்கரை ஊர்.
பட்டு நூற்று நொடித்துப்போன ஆலையில்
குவாபரா என்பவர் கண்ணாடி தேய்த்து அனுப்பினார்.
பெட்டியைத் திறந்தால் வைக்கோல் வாசனை.
லென்ஸின் முன்விளிம்பு வழுவழுவென்று மொட்டையாக இருக்கும்.
பெயர் நாங்கள் வைப்போம்.

ஊர்பேர் தெரியாத பண்டத்தை
எவன் வாங்குவான், என்பார் பில் மான்டெல்.
இரண்டாம் மாடி முழுக்க அதற்குத்தான்:
கறுப்பு அலுமினிய வளையம், ஒன்று நாலு சென்ட்.
'ஆல்பென்ஹார்ட்', சிகாகோக் கடைகளுக்கு.
'குரோன்டால்', தபாலில் விற்பவர்களுக்கு.
'சர் வின்டம்', கனடாவுக்கு;
அங்கே ராணி உண்டு, கொஞ்சம் மரியாதை வேண்டும்.
ஒரே கண். ஏழு பெயர். ஏழு விலை.
அயோவாவிலிருந்து ஒருவர் எழுதினார்,
ஆல்பென்ஹார்ட்டின் தெளிவு குரோன்டாலுக்கு வராது என்று.
பில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அவருடைய பெயரும் அப்படித்தான்.
செர்னோவிட்ஸில் ஃபைவெல் சுக்கர்மான்டெல்.
சுக்கர் என்றால் சர்க்கரை.
கப்பலில் வரும்போது கடலில் கரைந்துவிட்டது, என்பார்
சரக்கு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும்.

அறுபத்தொன்றில் குவாபராவின் கடிதம்.
விலையேற்றம் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.
"வெளியே நீங்கள் வைக்கும் பெயரே இருக்கட்டும்.
உள்ளே, மூன்றாம் கண்ணாடிக்குப் பின்னால்,
யாரும் பார்க்காத இடத்தில்
எங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளலாமா?
படத்தில் விழாது. சோதித்துவிட்டோம்."

பில் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.
நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.
ஆட்சேபணை இல்லை என்று தட்டச்சு செய்தேன்.
கையெழுத்தில் மான்டெல் என்று எழுதி,
அதற்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில்
பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
பிறகு மூடினார்.

எழுபத்தொன்பதில் அவர் போனார்.
கேமராக்காரர்கள் தாங்களே லென்ஸ் செய்தார்கள்,
தானாகவே குவியும் லென்ஸ்.
ஒகாயா ஆலையை யாரோ வாங்கி, அவர்களை வேறு யாரோ வாங்கி.
எண்பத்தாறில் எங்களை ஏலம் விட்டார்கள்.
எனக்குச் சம்பள பாக்கி ஆறு வாரம்.
பதிலுக்கு ஒரு பெட்டி குரோன்டால் தந்தார்கள், விற்காத சரக்கு.

ஆஸ்ட்ராண்டர் என்ற ரிப்பேர்காரர்தான்
ஒன்றைத் திறந்து காட்டினார், கூலி வாங்காமல்.
ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்துப் பெயர்த்தார்;
குரோன்டால் பெயர்ந்து மேசையில் உருண்டது.
மூன்றாம் கண்ணாடிக்குப் பின்னால்
எறும்புக்கால் அளவில் மூன்று எழுத்து.
எக்ஸ்ரே எடுக்கும் திருமதி நிஷிகாவாவிடம் கொண்டுபோனேன்.
கம்பெனிப் பெயர் இல்லையே இது, என்றாள்.
ஹருயோ. ஒரு பெண்.

அடுத்ததைத் திறந்தோம்: மட்சுகோ.
அதற்கடுத்ததில் மறுபடி ஹருயோ, கொஞ்சம் சாய்வாக,
குளிர்காலமாக இருந்திருக்கலாம்.

எங்கள் பெயர் என்று எழுதியிருந்தார்.
எத்தனை பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை.

பேரேடு என்னிடம்தான் இருக்கிறது:
அந்தக் கடிதத்துக்குப் பின் நாங்கள் அனுப்பியவை
நாற்பத்தோராயிரத்து இருநூற்று எட்டு.
உடைந்து திரும்பியவை முப்பது.
அந்த முப்பதையும் நான்தான்
குப்பைக்கு எழுதினேன்.